வேப்பிலை மஞ்சள் பூசினால் சிரங்கு போகுமா?

(திரையில்: அம்மியில் வேப்பிலையும் மஞ்சளும் அரைபடுகின்றன)

உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொன்னதும் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: ரெண்டு கொத்து வேப்பிலை பறி, மஞ்சள் சேர்த்து அரைத்துப் பூசிக் குளி. இதை மருத்துவர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1992-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. சிரங்கு வந்த 814 பேருக்கு வேம்பு, மஞ்சள் விழுது பூசினார்கள். 3 முதல் 15 நாளுக்குள் 97 சதவீதம் பேருக்குக் குணமானது. கெடுதல் எதுவும் தென்படவில்லை என்றும் எழுதினார்கள்.

97 சதவீதம்! உடனே குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு செய்யத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

(திரையில்: விரல் இடுக்கு, மிக அருகில். தோலில் வளைந்து செல்லும் மெல்லிய கோடு)

இந்தக் கோடுதான் சிரங்குப் பூச்சி போட்ட சுரங்கம். எட்டுக் கால்கள் உள்ள பூச்சி, நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளேயே தங்கி, தினமும் ரெண்டு மூன்று முட்டை இடும். உடம்பு முழுக்க அரித்தாலும், பெரும்பாலானவர்களிடம் இருப்பது பத்துப் பதினைந்து பூச்சிகள்தான். பூச்சியும் அதன் முட்டையும் கழிவும் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் வரும் அரிப்பு இது. ராத்திரியில் அதிகமாக இருக்கும்.

சரி, அந்த ஆய்வில் என்ன குறை? ஒப்பிட ஆள் இல்லை. பாதிப் பேருக்கு விழுது, மீதிப் பேருக்கு வேறு களிம்பு என்று பிரித்துப் பார்க்கவில்லை. சிரங்கு சளி மாதிரி தானாகப் போகிற நோய் இல்லை. அதனால் அந்த 97-ஐ ஒரேயடியாகத் தூக்கிப் போடவும் எனக்கு மனசில்லை. ஆனால் வியர்க்குரு, ஒவ்வாமை போன்றவையும் சிரங்கு என்று எண்ணப்பட்டிருந்தால் அவை தாமாகவே அடங்கியிருக்கும். ஆய்வு செய்தவர்களே இதை முன்னோட்டம் என்றுதான் சொன்னார்கள். மேலும் ஆராய வேண்டும் என்றும் எழுதினார்கள்.

முயல்களுக்கு வரும் சிரங்குப் பூச்சியின் இளம் பருவத்தை வேப்பெண்ணெய்ச் சாறு கொல்வது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. அது கண்ணாடித் தட்டில் நடந்தது. அங்கே பயன்பட்டதும் எண்ணெயிலிருந்து பிரித்த சாறு. அம்மியில் அரைத்த இலை அல்ல.

மஞ்சளுக்கு இதைவிட ஒழுங்கான சோதனை ஒன்று ஈரானில் நடந்தது, 2014-ல் வெளியானது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் 100 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு மஞ்சள் மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. எட்டு வாரத்தில் மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு அரிப்பு கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அது சிறுநீரகக் கோளாறால் வரும் அரிப்பு. அதற்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை.

(திரையில்: பெர்மெத்ரின் களிம்பு)

என்னைக் கேட்டால், சிரங்கு என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால் பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்புதான். கழுத்திலிருந்து பாதம் வரை, விரல் இடுக்கு, அக்குள், தொப்புள் எதையும் விடாமல் ராத்திரி பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் அரிப்பே இல்லாதவர்களும் அதே நாளில் பூச வேண்டும். முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பூச்சி அடுத்தவருக்குப் போயிருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். துணி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி மூன்று நாளுக்குமேல் வையுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

விழுது பூச ஆசையா? முதலில் முழங்கைப் பக்கம் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்கள். மஞ்சளோ வேம்போ சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புண்ணில் சீழ் இருந்தால் வேண்டாம். அப்புறம், குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. மலேசியாவில் அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்து, மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை 1981-லேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

களிம்பு பூசி பூச்சி செத்த பிறகும் ரெண்டு முதல் நாலு வாரம் அரிக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசாதீர்கள். தோல் வறண்டு இன்னும் அரிக்கும். நாலு வாரம் தாண்டியும் புதுப் புள்ளிகள் வந்தால் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.