கொட்டான் முந்தி, கோலம் பிந்தி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கல்யாண வீட்டு அலங்காரம் மணமக்கள் கையால் அமைவதே அழகா, ஆளிடம் ஒப்படைப்பதே நலமா என்பது இன்றைய தலைப்பு. "முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி ஓலையும் கையுமாக உட்கார்ந்தால், விடிந்ததும் மணையில் கண் சொக்கும்" என்றார் எதிரணித் தம்பி. நியாயமான கவலை. ஆனால் அது கைவேலையால் வரவில்லை, வரிசை தவறியதால் வருகிறது. மாதக்கணக்கில் தாங்குகிற பொருளையும் ஒரே ராத்திரி தாங்குகிற பொருளையும் ஒரே நாளில் செய்ய உட்கார்ந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

கொட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற நம் செட்டிநாட்டுப் பனையோலைக் கூடை. பனங்குருத்தை ஈர்க்கு நீக்கிக் காயவைத்து, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி, உலர்த்திப் பின்ன வேண்டும். கிழித்த ஓலையின் அகலம் மாறினால் அடி கோணி, வைத்த இடத்தில் கொட்டான் ஆடும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். பின்னுவது தேர்ந்த கைக்கே வரும். அதைப் பின்னுகிற பெண்களிடமே வாங்கட்டும். விளிம்புக்கு மணி கோப்பதும் ஜரிகை தைப்பதும் மணமக்கள் வேலை. பெண் அவள் வீட்டில், மாப்பிள்ளை அவர் வீட்டில், மாலைக்கு ஆளுக்கு 2 என்றால் 25 நாளில் 100 கொட்டான். இதில் எங்கே ராத்திரி முழிப்பு?

மாவிலைத் தோரணம் முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலை வேலை. கொழுந்து பார்க்க அழகு, மதியத்துக்குள் தொங்கிப்போகும். முற்றின கரும்பச்சை இலைதான் நிற்கும். 3 அங்குலத்துக்கு ஓர் இலை என்றால் 10 அடி நிலைக்கு 40 இலை, கிழிந்தால் மாற்ற மேலும் 10. காம்புப் பக்கத்தைச் சணல் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்கால் குத்துங்கள். தோரணத்துக்கு மடிக்கிற தென்னங்குருத்தை மாலைவரை ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். முன்கூட்டியே மடித்தால் ஓரம் பழுத்துச் சுருளும். மல்லிகை மொட்டு அன்றைக்கு ராத்திரியே விரிந்துவிடும், காலை முகூர்த்தத்துக்கு அதை நம்பி மணவறை கட்டக் கூடாது. அங்கே செவ்வந்தியும் சம்பங்கியும் போதும்.

வாழைமரத்தில் ஓர் எச்சரிக்கை. முகப்புத் தேக்குத் தூணில் ஆணி அடிக்கவே கூடாது. தூணுக்குச் சாக்கு சுற்றி, மேலும் கீழுமாக இரண்டு கட்டு போடுங்கள். குலை பாரத்தில் ஒரு கட்டு மட்டும் நழுவும். அடியிலும் ஒரு சாக்கு, ஏனென்றால் வாழைக்கறை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இறங்கினால் போகாது.

கடைசியில் கோலம், அதுவும் அதே முதல் நாள் சாயங்காலம். "மருதாணிக் கையோடு பெண் எப்படி மாவைத் தொடுவாள்?" என்று எதிரணி கேட்டது. முகூர்த்தத்துக்கு இரண்டு ராத்திரி முன்பே மருதாணி வைத்தால் அந்தச் சாயங்காலம் கை தயார். நிறமும் கல்யாணத்தன்றுதான் நன்றாகக் கறுக்கும். நடுவீட்டுக்குக் கால் கிலோ பச்சரிசி தாராளம். 3 மணி நேரம் ஊறட்டும். மைய அரைத்துப் பால் பதத்துக்குக் கரைத்து, பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிடித்து, மோதிர விரல் வழியாக இழுக்க வேண்டும். போட்டவுடன் கோடு மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து மேலே இன்னொரு கோடு இழுப்பார்கள், காய்ந்ததும் மாவு தடித்து வெடித்து உதிரும். ஒரே இழுப்பு, பிறகு காத்திருங்கள், வெள்ளை தானாக ஏறும். இன்னொன்று, வளவு என்கிற உள்முற்றத்துத் தரையைப் பளபளப்பாக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற வீடுகள் உண்டு. எண்ணெய்த் தரையில் மாவு பிடிக்காமல் முத்துமுத்தாக ஒதுங்கும். அந்த வாரம் எண்ணெயை விட்டுவிட்டு வெறும் தண்ணீரால் துடைக்கட்டும்.

இழுத்த கோடு காயும்வரை பிள்ளைகளை வீட்டின் வேறு கட்டுக்கு அனுப்பிவிட்டு, பெண்ணும் 9 மணிக்குப் படுக்கப் போகலாம் நடுவர் அவர்களே. எதிரணித் தம்பி கேட்ட தூக்கம் இதோ. வணக்கம்.