அம்மாயி கையை விடவில்லை

(காங்கேயத்தில் வாடகைக் கார் ஓட்டுநர்களும் அவர்கள் வீட்டாரும் கூடியிருந்த மண்டபத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நான் பிசியோதெரபி பார்க்கிறவள். விபத்தில் அடிபட்டவர்கள் எலும்பு கூடி, மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் என்னிடம் வருவார்கள். எந்த மூட்டு மடங்க மறுக்கிறது என்று பார்த்தாலே, மோதுகிற நொடியில் அவர் என்ன செய்தார் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஒரு அம்மாயி வந்தார். பழநி போய்விட்டுத் தாராபுரம் வழியாகத் திரும்பும்போது கார் புளியமரத்தில் மோதிவிட்டது. பின் சீட்டில் இருந்தவர் மடியில் ஒன்றரை வயதுப் பேரன். குழந்தைக்கு நெற்றியில் தையல், இவருக்கு வலது மணிக்கட்டு முறிவு. ஈரத்துணியைப் பிழியச் சொல்லிப் பயிற்சி கொடுப்பேன். பாதி பிழிந்துவிட்டு நிறுத்திவிடுவார். "இறுக்கிப் புடிச்சுத்தான் இருந்தேனுங்க. எப்படி உட்டேன்னே தெரியலீங்க" என்பார். மணிக்கட்டு வலியைவிட இதுதான் அவரை அரித்தது.

அவரிடம் போட்டுக் காட்டிய கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகம் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அடங்கினால், பத்துக் கிலோ குழந்தையை நிறுத்த 140 கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும். கிட்டத்தட்ட மூன்று சிமெண்ட் மூட்டை. எழுபது கிலோ ஆளுக்கு ஒரு டன், அதாவது இருபது மூட்டை. கொப்பரைக் களத்தில் தினமும் மூட்டை தூக்குகிறவர் கையும் அதைத் தாங்காது. அம்மாயி கையை விடவில்லை. பிடிக்கவே முடியாத பாரம் அது.

மோதப்போவது தெரிந்ததும் நம் கை தானாக முன்னால் போகும். டேஷ்போர்டில் ஊன்றுவோம், பக்கத்தில் இருப்பவர் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டுவோம். பாசமும் பயமும் சேர்ந்த கை அது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் விறைத்து ஊன்றிய கை அடியை வாங்கி மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மேலே ஏற்றிவிடும்.

காலும் அப்படித்தான். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால் தொடை எலும்பு பின்னால் தள்ளப்பட்டு இடுப்புக் கிண்ணத்தை விட்டு நழுவும். கால் மேல் கால் போட்டிருந்தால் இன்னும் சுலபமாக நழுவும். கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடக்கும். டேஷ்போர்டு மேலேயே காலை நீட்டிக்கொண்டு வருகிறார்களே, அப்போது ஏர்பேக் விரிந்தால் முழங்கால் முகத்தில் வந்து அடிக்கும். உங்கள் வண்டியில் யார் அப்படி உட்கார்ந்தாலும் காலை இறக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

"தூங்கினவனுக்கு ஒன்னும் ஆகலை, உடம்பைத் தளர்த்தி விட்டாத் தப்பிச்சுக்கலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். கண் பார்த்து, மூளைக்கு எட்டி, தசை அசையவே கால் நொடி ஆகும். மோதலோ அதற்குள் முடிந்துவிடும். இறுகலாமா, தளரலாமா என்று யோசிக்க ஏது நேரம்?

அதனால் வண்டி கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பு எலும்பில் படியட்டும். மேல்பட்டை தோள்மேல் வரட்டும், கக்கத்துக்கு அடியில் விடாதீர்கள். ஹெட்ரெஸ்ட் தலை உயரத்துக்கு இருக்கட்டும், பின்னாலிருந்து இடித்தால் கழுத்தைக் காப்பது அதுதான். பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். போடாதவர் முன் சீட்டுக்காரர் முதுகில்தான் போய் விழுவார்.

அந்த அம்மாயி வீட்டில் இப்போது குழந்தை சீட் வாங்கிப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். போன வாரம் சிகிச்சை முடிந்து கிளம்பும்போது வாசல்வரை போனேன். பேரன் மடி கேட்டு ஒரே அழுகை. இடது கையால் அவன் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, "அழுவாத கண்ணு, அம்மாயி பக்கத்துலதான் இருக்கறேன்" என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டார்.