நாளுக்கு ஒரு ஓமர்

(எங்கள் சேகரத்து வாலிபர் ஐக்கிய சங்கம் லெந்து என்னும் தவக்கால நாட்களில் நடத்தும் இணையப் பக்க வடிவமைப்பு, வேத தியானப் பயிற்சியின் தொடக்கக் கூட்டத்தில் பேசியது)

ஆண்டவருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.

தலைமை தாங்குகிற சேகர குரு ஐயரவர்களே, ஐயரம்மா அவர்களே, ஜெபித்துத் தொடங்கிவைத்த சபை ஊழியர் அவர்களே, பழைய கம்ப்யூட்டர் இரண்டைத் தந்துவிட்டு "மவுஸ் மட்டும் நீங்க வாங்கிக்கோங்க" என்று சொன்ன சேகர கமிட்டிப் பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கிற என் ஆறாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் அவர்களே, சுக்குக் காப்பி வாசனையை இப்போதே மேடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, தம்பி தங்கைகளே! போன வருஷம் இதே மேடையில் பாடகர் குழுவைச் சொல்ல மறந்துவிட்டேன். ஈஸ்டர் வரைக்கும் அவர்களில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. ஆகவே பாடகர் குழுவினரே, உங்களுக்கு இரண்டு தடவை வணக்கம்.

மூன்று காரியம் பேசப்போகிறேன். ஒன்று, வழக்கம். இரண்டு, வடிவமைப்பு. மூன்று, இதைக் கற்றுக்கொண்டால் பிழைப்புக்கு வழி உண்டா என்பது. மூன்றாவதற்காகத்தான் பாதிப்பேர் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். பொறுமையாக இருங்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். இது என் ஆச்சியின் பழமொழி. பால் பொங்குவதற்குள் ஒரு சங்கீதம் வாசித்துவிடும் ஆச்சி. 119ஆம் சங்கீதம் வந்தால் மட்டும் பால் பொங்கி வழிந்துவிடும், ஏனென்றால் அது 176 வசனம். ஆனால் அந்தச் சங்கீதத்தைக் கட்டியவர் நம்மைவிடக் கெட்டிக்காரர். எபிரெய எழுத்து 22. எழுத்துக்கு எட்டு வசனம், எட்டும் அந்த எழுத்திலேயே தொடங்கும். நாளுக்கு ஓர் எழுத்து என்று எடுத்தால் 22 நாளில் முடிந்துவிடும். எதை எங்கே பிரித்து நிறுத்தினால் வாசிக்கிறவனுக்கு மூச்சு வாங்காது என்று யோசித்திருக்கிறாரே, வடிவமைப்பு என்பது அதுதான்.

வழக்கத்துக்கு வருகிறேன். யாத்திராகமம் 16ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுகிறது. ஓமர் என்பது அந்தக் காலத்துப் படி மாதிரி ஓர் அளவு; நாளுக்குத் தலைக்கு ஓர் ஓமர்தான். மறுநாளுக்கென்று பதுக்கினவன் பானையில் புழு நெளிந்தது, நாற்றமெடுத்தது. நம் பையன்களின் போனை வாங்கிப் பாருங்கள். இணையப் பக்கம் செய்கிற எச்டிஎம்எல் பாடம், சிஎஸ்எஸ் பாடம் என்று வீடியோவாக இறக்கி அடுக்கி வைத்திருக்கிறான். பிறகு பார்ப்பானாம். அதிலும் புழு உண்டு தம்பி, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தப் பயிற்சியில் நாளுக்குப் பதினைந்தே நிமிஷம். பத்து நிமிஷம் கம்ப்யூட்டர், ஐந்து நிமிஷம் ஒரு வேதபகுதி. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40 நாள். மொத்தம் 600 நிமிஷம், அதாவது பத்து மணி நேரம். வாத்தியார் தலையை ஆட்டுகிறார், கணக்கு சரி!

இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊர். சின்சென்டார்ஃப் பிரபுவின் அடைக்கலத்தில் வாழ்ந்த மொராவிய சபையார் அங்கே 1728இல் நாளுக்கு ஒரு வசனம் என்று தொடங்கினார்கள். 1731இலிருந்து அது அச்சுப் புத்தகமாக வருகிறது, இன்னும் நிற்கவில்லை. அப்புறம் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி, நம்முடைய சீகன்பால்க். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மனுஷர், பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. ஹாலே நகரத்திலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதம் போதாது என்று சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். எழுத்தின் அளவைக் குறைக்க இன்றைக்கு நீங்கள் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அவர்கள் ஈயத்தை உருக்கினார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும்!

இரண்டாவது, வடிவமைப்பு. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ, இணையப் பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கிற 'வெப்' என்ற வலைக்கு யோசனை எழுதிக் கொடுத்தார். 1991இல் வந்த முதல் பக்கத்தில் எழுத்தும் இணைப்பும் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்துக்கு அழகு செய்கிற சிஎஸ்எஸ், 1996இல்தான் முறைப்படி வெளியானது. எச்டிஎம்எல் என்பது வீட்டுச் சுவர், சிஎஸ்எஸ் என்பது கிறிஸ்துமஸுக்கு நாம் அடிக்கிற வெள்ளை. வெள்ளையடிக்கிற அவசரத்தில் சுவர் கட்ட மறந்தவன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் இப்போது மைக் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

என் சித்தப்பாவை உங்களுக்குத் தெரியும். கண் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. போனில் வருகிறதை அந்தப் போனே வாசித்துச் சொல்லும், காதில் வைத்துக் கேட்டுக்கொள்வார். ஒரு வருஷம், சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் மழை கொட்டிவிட்டது. பந்தல் போடுகிற இடமெல்லாம் சேறு. ஒரு வாரம் தள்ளிவைத்தோம். அறிவிப்பு தயாரிக்கிற பொறுப்பு எனக்கு. மணி, புறா, ரோஜாப்பூ, தங்க எழுத்து எல்லாம் வைத்து ஒரு படம் செய்து வாட்ஸ்அப்பில் போட்டேன். நாற்பது பேர் கை கூப்பினார்கள். எனக்கும் பெருமை.

மறுநாள் சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டி, ஆட்டோ பிடித்து, கோயில் காம்பவுண்டில் போய் இறங்கிவிட்டார். அங்கே ஹாலில் வேறு சபையார் வீட்டுக் கல்யாண விருந்து. "வாங்க பெரியவரே" என்று கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். இலை போட்டாச்சு, பிரியாணி வந்தாச்சு. எழுந்து, மாப்பிள்ளை பெண் தலையில் கை வைத்து ஒரு ஜெபமும் பண்ணி, ஐம்பத்தொரு ரூபாய் மொய்யும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்!

"கல்யாணம்னு எப்ப தெரிஞ்சுது சித்தப்பா?" என்றேன்.

"பாயாசம் ஊத்தும்போதே தெரிஞ்சுட்டு. நம்ம அசனத்துல என்னைக்குல பாயாசம் போட்டீய? வந்தது வந்தாச்சு, கை நனைக்காம எந்திரிச்சா பொண்ணு வீட்டாருக்கு மரியாதையா?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். "நான்தான் குரூப்புல போட்டேனே" என்றேன். அவர் போனை எடுத்து, என் படத்தின்மேல் விரலை வைத்து, என் காதில் வைத்தார். அது சொன்னது ஒரே சொல். "ஃபோட்டோ." மறுபடி தொட்டார். "ஃபோட்டோ." "இதாம்ல நீ போட்டது" என்றார்.

ஐயரவர்களே, பொருளாளர் அவர்களே, நான் இங்கே பாடம் எடுக்க வந்தேன் என்றாலும் ஒரு விண்ணப்பமும் கொண்டுவந்திருக்கிறேன். எழுத்தை எழுத்தாகவே போட வேண்டும். சபை அறிவிப்பு, ஜெபக் குறிப்பு, ஞாயிறு பாட்டு எண், எதையும் படமாக மட்டும் போடக்கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் எழுதுங்கள். படம் போட்டே தீர வேண்டுமென்றால் கீழே அதே செய்தியை எழுதுங்கள். இணையப் பக்கமானால் படத்துக்கு ஆல்ட் என்று ஓர் இடம் உண்டு, அதில் படத்தில் என்ன இருக்கிறதென்று ஒரு வரி எழுதலாம். பாமினி எழுத்துருவில் அடித்து அப்படியே ஒட்டாதீர்கள். நமக்கு "அம்மா" என்று தெரிகிறது, அதற்கு அடியில் இருப்பது ஆங்கில எழுத்து. போன் "எம், கே" என்று வாசிக்கும், அம்மா என்று வாசிக்காது. யூனிகோடில் அடியுங்கள், அதில் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகவே இருக்கும். நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்வையற்றோர் பள்ளி நடக்கிற பாளையங்கோட்டை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை நான் வந்து சொல்லித்தானா நாம் செய்ய வேண்டும்? மூன்று வருஷமாகச் சொல்கிறேன், பரவாயில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும்; கமிட்டி என்ன, கல்லைவிடக் கெட்டியா? ஐயரவர்கள் சிரிக்கிறார்கள், அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். மூன்றாவது காரியம், பிழைப்பு. அதை நாற்பதாம் நாள் வந்து கேளுங்கள்.

முதல் நாள் பாடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெற்றுக் கோப்பைத் திற. பக்கம் தமிழ் என்று முதல் வரியிலேயே அறிவி, இல்லாவிட்டால் வாசிக்கிற கருவி எந்த மொழி என்று திணறும். ஒரு தலைப்பு வை. அதற்குக் கீழே இந்த வருஷ அசனம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று எழுது. பூ வேண்டாம், புறா வேண்டாம். எழுதி முடித்ததும் கடைசி வரிசைக்குக் கொண்டுபோ. சித்தப்பா அங்கேதான் போனோடு உட்கார்ந்திருக்கிறார்.