முதலில் காவலரின் சம்பளம்

வணக்கம் நேயர்களே.

2020 மார்ச்சில், ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் உள்ள நமீபியா கொரோனா ஊரடங்குக்குள் போனது. விமானங்கள் நின்றன, வெளிநாட்டுப் பயணிகள் வரவில்லை, காட்டு விடுதிகளுக்குப் பூட்டு விழுந்தது. எல்லா நாட்டிலும் நடந்ததுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்த நாட்டில் விடுதி மூடிக் கிடந்தால், காண்டாமிருகத்துக்குக் காவல் போகிற ஆளின் சம்பளமும் நின்றுவிடும். இன்று நான் பேச வந்தது அந்தச் சம்பளத்தைப் பற்றித்தான்.

நமீபியாவின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஊர்மக்களே நிர்வகிக்கும் சமூகக் காப்புப் பகுதிகள். 1996-இல் சட்டம் திருத்தப்பட்டு, 1998-இல் முதல் நான்கு பகுதிகள் பதிவாயின. இன்று 86 இருக்கின்றன. அந்த நிலத்தில் ஊரையும் விலங்கையும் பிரிக்கிற வேலி கிடையாது. ஆடு மேய்கிற இடத்தில்தான் யானை நடக்கும், சிங்கம் திரியும். வடமேற்கில், குனேனே வட்டாரத்தின் வறண்ட மலைகளில் கறுப்புக் காண்டாமிருகமும் அப்படியே வாழ்கிறது. அந்த முதல் நான்கில் ஒன்றான டோரா இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள டமாராலேண்ட் முகாம் என்ற விடுதியின் வருமானத்தில் ஊருக்கும் பங்கு உண்டு. பல காப்புப் பகுதிகளுக்கு வரும்படி இரண்டே வழியில்தான்: சுற்றுலா, அல்லது உரிமம் பெற்ற வேட்டை. இரண்டுக்கும் வெளிநாட்டுக்காரர்தான் வர வேண்டும்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். குனேனேயில் தண்ணீர் என்றால் ஆழ்துளைக் கிணறுதான். டீசல் போட்டு பம்பை ஓட்டி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தொட்டியை நிரப்பி வைப்பார்கள். இரவில் யானைக்கூட்டம் வந்து தொட்டியை வற்றக் குடித்துவிடும். சில நேரம் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிடும். மறுநாள் காலையில் அந்தக் குடும்பம் மறுபடியும் டீசல் வாங்கியாக வேண்டும். காப்புப் பகுதியின் பணத்திலிருந்து இந்த டீசலுக்கு உதவி கிடைக்கிறது. தொட்டியைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பித் தருகிறார்கள். சிங்கம் மாட்டை அடித்தால் ஓரளவு ஈட்டுத்தொகை. இந்த உதவிகள் இருக்கிற வரைதான் யானையோடும் சிங்கத்தோடும் ஒரே நிலத்தில் வாழச் சொல்லி ஊரைக் கேட்க முடியும்.

இதற்கெல்லாம் முதுகெலும்பு, காவலர்கள். நம் முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்களே, ஏறத்தாழ அதே வேலை. ஆனால் இவர்களுக்கு முதலாளி அரசு அல்ல, ஊர்தான். நாடு முழுக்க 600-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். நடந்தே ரோந்து போவார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு பதிவேடு இருக்கும். எங்கே எந்த விலங்கைப் பார்த்தார், எந்த வீட்டில் எத்தனை ஆடு போனது, கண்ணி வைத்த தடயம் உண்டா, எவ்வளவு மழை பெய்தது என்று எல்லாம் அதில் ஏறும். 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்தப் பதிவு முறை நடக்கிறது. நாலு மாதம் சம்பளம் இல்லை என்றால் அந்த ஏட்டில் நாலு மாதம் வெற்றாக இருக்கும். கள்ள வேட்டைக்காரனுக்கு வேண்டியது அதுதான்.

இந்தக் காவல் முறையே ஒரு நெருக்கடியில் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. 1980-களின் தொடக்கத்தில் கொடும் வறட்சி. கால்நடைகள் மடிந்தன, ஒரு பக்கம் கள்ள வேட்டை பெருகியது. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்ற காட்டுயிர்ப் பாதுகாவலர், ஜோஷுவா கங்கோம்பே போன்ற ஊர்த்தலைவர்களோடு உட்கார்ந்து பேசினார். ஊராரிலேயே ஆள் எடுத்துக் காவலுக்கு வைப்பது என்று முடிவானது. கூலியாகக் கொஞ்சம் பணமும் உணவுப்பொருளும் கொடுத்தார்கள். அந்த ஓவன்-ஸ்மித் 2020 ஏப்ரலில் காலமானார். அவர் தொடங்கி வைத்த காவலர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாத நேரம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2019-இல், வறட்சிக்காக நாட்டில் நெருக்கடிநிலை அறிவித்திருந்தார்கள். மாடும் இல்லை, சுற்றுலாவும் இல்லை.

அப்போது நமீபியாவின் சுற்றுச்சூழல் அமைச்சகமும், அந்நாட்டின் சுற்றுச்சூழல் முதலீட்டு நிதியமும், தொண்டு நிறுவனங்களும், ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் கைகோத்து ஒரு நிவாரண நிதியை ஏற்படுத்தினார்கள். அந்தப் பணத்தில் காவலர் சம்பளத்துக்கு முன்னுரிமை தந்தார்கள். இதைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். காப்புப் பணிக்கு நன்கொடை தருகிறவர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் தருவதில் விருப்பம் குறைவு. கட்டடம் வேண்டும், வண்டி வேண்டும், கருத்தரங்கு வேண்டும் என்றால் கிடைக்கும். மாதாமாதம் ஒருவர் நடக்கிற நடைக்குப் பணம் கேட்டால் ‘இது தொடர் செலவாயிற்றே’ என்பார்கள். தொடர்ந்து செய்யாவிட்டால் காவல் என்பதே இல்லையே!

கென்யாவிலும் இதே புரிதல் இருந்தது. 2020 மே மாதம் அதிபர் உகுரு கென்யாட்டா அறிவித்த பொருளாதார ஊக்கத் திட்டத்தில், 5,500 சமூகக் காவலர்களை வேலைக்கு எடுக்க 100 கோடி ஷில்லிங், 160 சமூகக் காப்புப் பகுதிகளுக்கு இன்னொரு 100 கோடி ஷில்லிங். அரசே தன் கருவூலத்தைத் திறந்தது.

ஆனால் அவசர நிதி எவ்வளவு சீக்கிரம் வந்தாலும், அது பிறரிடம் கேட்டு வாங்குகிற பணம்தான். விமானம் பறந்தால்தான் காவலருக்குச் சம்பளம் என்ற நிலை மாறாவிட்டால், அடுத்த தொற்றிலும் இதே கதைதான். வருமானம் நன்றாக வருகிற ஆண்டுகளிலேயே ஒரு பங்கை, சம்பளத்துக்கு மட்டும் என்று தனிக்கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயணிகளை நம்பாத வருமானமும் வேண்டும். நமீபியாவின் வடகிழக்கில், ஜாம்பேசி வட்டாரத்தில், அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். யானைகள் கடந்து போகிற வழித்தடத்தை உழாமல், வீடு கட்டாமல் விட்டு வைக்கிற ஊருக்கு, யானைகள் உண்மையிலேயே அந்த வழியாகப் போவது தானியங்கிக் கேமராவில் பதிவானால் பணம் கிடைக்கிறது. யானையைப் பார்க்க யாரும் விமானம் ஏறி வர வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.