ஆமா போட ஓர் ஆள்

(பாளையங்கோட்டையில் ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கூடியிருந்த அரங்கில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஆசிரியர்கள், நடுவில் பெற்றோர், கடைசியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பேசப்போவது அந்தக் கடைசி வரிசையிடம்தான். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

கணக்கை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044. மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. தேர்வு முடிவு வரும்போது நாலு நாள் இதைப் பற்றிப் பேசுவோம். அப்புறம் ஜூனில் நோட்டுப் புத்தகம் வாங்கப் போய்விடுவோம். ஆனால் மார்க் மட்டுமே காரணம் என்று நினைப்பது தப்பு. வீட்டுச் சண்டை, வகுப்பில் கேலி, முறிந்த காதல், யாரும் கண்டுகொள்ளாத மனச்சோர்வு என்று ஏற்கெனவே பல சேர்ந்திருக்கும். மார்க் கடைசியாக வந்து சேர்ந்ததாக இருக்கும்.

இந்தப் பிள்ளைகள் மனதில் இருப்பதை யாரிடம் முதலில் சொல்கிறார்கள்? நம்மிடம் இல்லை. பெரும்பாலும் பக்கத்து பெஞ்சிடம்தான். ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தவிப்பில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காணச் சொன்னார்கள். இன்னொரு பக்கம், கேள்வித்தாள் கொடுத்து ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வழியில் மாணவர்களையே வேடமேற்று நடிக்கவும் பேசவும் விட்டார்கள். அதற்கு நாலு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம்தான் ஆனது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, தற்கொலை முயற்சியைத் தெளிவாகக் குறைத்தது இந்த மூன்றாவது வழி மட்டுமே. ஒப்பிட எடுத்துக்கொண்ட பள்ளிகளில் இருந்ததில் ஏறக்குறைய பாதி. நானும் வாத்தியார்தான், படித்தபோது கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது.

சரி, நடிப்பும் பாட்டும் திருநெல்வேலிச் சீமைக்குப் புதுசா? கோயில் கொடை விழா பார்க்காமல் வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் குறைவு. வில்லுப்பாட்டில் புலவர் கதை சொல்வார், வீசுகோலால் வில்லைத் தட்டுவார். குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை எல்லாம் கூட வரும். பக்கத்தில் ஒருவர் இருப்பார், அவர் வேலை ‘ஆமா’ போடுவது. புலவர் ஒரு வரி சொன்னால் ‘ஆமா’, நிறுத்தினால் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ அவர் இல்லாவிட்டால் கதை நகராது. தவிப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் அப்படி ஓர் ஆள்தான். புத்தி சொல்ல ஊரே இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளோடு வில்லுப்பாட்டுப் பழகும்போது நடுவில் சின்னக் காட்சிகள் நடிக்க வைப்போம். ஒருமுறை இரண்டு பத்தாம் வகுப்புப் பெண்கள். ஒருத்தி வாட்ஸ்அப்பில் ‘எல்லாருக்கும் நன்றி’ என்று ஸ்டேட்டஸ் போட்டவள். மற்றவள் அதைப் பார்த்துவிட்டு வருகிறாள். முதல் தடவை, ‘லூசு மாதிரி பேசாதட்டி, எல்லாம் சரியாயிரும்’ என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், காட்சி அங்கேயே படுத்துவிட்டது. மறுபடி நடிக்கச் சொன்னோம். இந்தத் தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ‘ஏட்டி, செத்துரணும்னு நெனைக்கியா?’ என்று நேராகவே கேட்டாள். ஸ்டேட்டஸ் போட்டவள் ஆமா என்று தலையாட்டினாள். ‘யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.’ இவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அந்தச் சத்தியம் மட்டும் பண்ண மாட்டேன். வா, இப்பவே டீச்சர்ட்ட போவோம். நானும் கூட வாரேன்’ என்றாள்.

அந்தப் பெண் எந்தப் புத்தகமும் படித்ததில்லை. ஆனால் செய்ய வேண்டியது முழுக்க அதில் இருக்கிறது. நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அப்படி நேர்வதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. கேட்ட பிறகு தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது, ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. மக்கா, உங்களை யாரும் டாக்டர் ஆகச் சொல்லவில்லை. நம்பக்கூடிய ஒரு பெரியவர் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தால் போதும்.

வில்லுப்பாட்டை மெச்சிக்கொண்டே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமாகிப் பீடம் கேட்கும் கதைகள் நம்மிடம் நிறைய. கோயிலில் அதற்கு அதன் நியாயம் உண்டு. ஆனால் பள்ளிக்குப் பாட்டு எழுதும்போது அந்த வார்ப்பைத் தொடாதீர்கள். ‘நான் போனாத்தான் என் அருமை தெரியும்’ என்று நினைக்கும் பிள்ளைக்கு, செத்த பிறகு ஊரே கும்பிடுவதாக முடியும் கதை சரியான கதை இல்லை. பள்ளி வாசலில் வைக்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸும் அதையேதான் சொல்கிறது. எப்படி இறந்தார் என்று விவரிக்கவும் வேண்டாம். தவித்தவன், கேட்டவன், கூட்டிப்போனவன், அதற்கடுத்த திங்கட்கிழமை மறுபடி பள்ளிக்கு வந்தவன் என்று பாடுங்கள்.

இன்னொன்று, இங்கே பேசியே ஆக வேண்டியது. 2023இல் நாங்குநேரியில், சாதியின் பேரால் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கையில் எந்தச் சாதியின் நிறக் கயிறு என்று பார்த்து நட்பு வைக்கும் வகுப்பில், பக்கத்து பெஞ்சிடம் சொல் என்று நான் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? அதனால் வில்லுப்பாட்டுக் குழு சேர்க்கும்போதே தெரு பார்த்துச் சேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குரல் இல்லாதவனைக் குடம் அடிக்க உட்கார வையுங்கள், கூச்சக்காரியிடம் ஜால்ராவைக் கொடுங்கள். அரசு 2022 முதல் நடத்தும் கலைத்திருவிழா நல்ல காரியம்தான். ஆனால் முதல் பரிசை மட்டுமே குறிவைத்துப் பயிற்சி கொடுத்தால் அதுவும் இன்னொரு பொதுத்தேர்வாகிவிடும். பரிசு வாங்கத் தெரியாத பிள்ளைக்கும் சனிக்கிழமை சாயங்காலம் போய் உட்கார ஓர் இடம் வேண்டும்.

இனிப் பெரியவர்களுக்கு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 309ஆம் பிரிவு போல முயற்சியையே குற்றமாக்கும் பிரிவு இல்லை. மறைக்காமல் சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. சென்னையில் உள்ள சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

ஒரு பிள்ளை தோழியைப் பற்றி உங்களிடம் வந்து சொன்னால், ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று விசாரணையை ஆரம்பிக்காதீர்கள். சொன்னவள் பெயரை அந்த வீட்டில் போய் உடைக்காதீர்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளைப் பேர் சொல்லிப் பாராட்டவும் வேண்டாம், அதுவும் காட்டிக்கொடுப்பதுதான்.