அப்பா போட்ட பொத்தான்

காசிமேட்டிலிருந்தும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற அம்மாமார்களே, அண்ணன்மார்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. "ஆறு மாதத்துக்குள் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான்" என்றார் ஒரு மருத்துவர். அப்பா விடவில்லை. ராயபுரம் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். இரண்டாவது வருஷம் ஒருநாள் காலையில், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். அம்மா அழுதுவிட்டார்.

அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் படித்த பாடம் அப்படி. வளர்ந்தவர் மூளையில் நரம்புப் பாதைகள் மாறாது, செத்தது திரும்ப முளைக்காது என்று எழுதியவர் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் அறிஞர் ரமோன் இ காஹல். அதே இடத்தில், முடிந்தால் இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்றுவது வருங்கால அறிவியலின் வேலை என்றும் எழுதிவைத்தார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ந்தவர் மூளையிலும் புது நரம்பணுக்கள் பிறக்கின்றன என்றது. 2018-இல் இன்னொரு குழு, தேடிப் பார்த்தோம், காணோம் என்றது. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பழகப் பழக நரம்புகள் புது இணைப்புகள் போட்டுக்கொள்ளும் என்பதில் இன்று சந்தேகம் இல்லை.

அதற்காக மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு மந்திரிக்கப் போய்விடாதீர்கள். அப்பா பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. தன் தப்பைத் தானே தேடிப் பிடிப்பதால்தான் அறிவியலை நான் நம்புகிறேன்.

அப்புறம், பிள்ளைகள் விஷயம். 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேவும் தியோடர் சிமோனும் அறிவுத்திறன் சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அது. அறிவு வளரவே வளராது என்று சொன்னவர்களை பினே கடுமையாக எதிர்த்தார். பின்னால் அதே சோதனையை வைத்துப் பிள்ளைகள் நெற்றியில் முத்திரை குத்தினார்கள்.

அடுத்த முறை பள்ளிக்கூடத்தில் உங்களைக் கூப்பிட்டு "இவனுக்குக் கணக்கு வராது" என்றால், இவனுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். பதில் வருகிறவரை எழுந்திருக்காதீர்கள்.