கதைமாந்தருக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுவது: அண்மையில் என்னைக் கவர்ந்த ஐந்து நாவல்கள்

வணக்கம் நண்பர்களே. அண்மை ஆண்டுகளில் வெளிவந்த நாவல்களில், படித்து முடித்த பின்பும் என் மனத்தை விட்டு அகலாத சிலவற்றைப் பற்றி இன்று பேசப் போகிறேன். காதல், திகில், மிகுபுனைவு, துப்பறிதல் என்று வகைகள் வேறு வேறாக இருந்தாலும், இவற்றை மேசை மீது வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எல்லாமே எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றுதான் என்பது புரிந்தது. கதைக்குள் இருப்பவருக்கு என்ன தெரியும், படிக்கும் நமக்கு என்ன தெரியும் என்ற இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை இந்த எழுத்தாளர்கள் கையாளும் விதம்தான் அந்தக் காரணம். எந்த நாவலின் முடிவையும் நான் சொல்லப் போவதில்லை. ஆகவே படிக்காதவர்களும் தயங்காமல் கேட்கலாம்.

முதலில், என் கையில் இருக்கும் இந்த மெலிந்த புத்தகம். சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி'. 2004-இல் எண்ணூறு பக்கங்களை நெருங்கும் ஒரு பெரிய நாவலை எழுதியவர், நீண்ட காலம் உடல்நலம் குன்றியிருந்து, 16 ஆண்டுகள் கழித்து 2020-இல் வெளியிட்ட இரண்டாவது நாவல் இது. 2021-இல், பெண்கள் எழுதும் நாவல்களுக்கான பிரிட்டனின் 'விமென்ஸ் பிரைஸ்' பரிசைப் பெற்றது. கதை நடப்பது ஒரு மாளிகையில். அதற்கு எல்லை கிடையாது. கூடத்துக்கு அப்பால் கூடம், சுவர் நெடுகச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகங்கள். கடல் எந்த நேரத்தில் படியேறி வரும் என்று கணக்கிட்டுக் குறிப்பேட்டில் எழுதிவைத்தபடி ஒருவன் அங்கே தன்னந்தனியாக வாழ்கிறான். உலகம் தோன்றிய நாள் முதல் மொத்தம் 15 பேர்தான் இருந்திருக்கிறார்கள் என்று அவன் நம்புகிறான். அவர்களில் 13 பேர் எலும்புகளாகக் கிடக்கிறார்கள். அந்த எலும்புகளுக்கு அவன் உணவும் நீரும் அல்லி மலர்களும் கொண்டுபோய் வைக்கிறான்.

உயிரோடு இருக்கும் இன்னொருவரை அவன் 'மற்றவர்' என்றே அழைக்கிறான். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இருவரும் சந்திக்கிறார்கள். அந்த மனிதர் நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார். அவர் கையில் பளபளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது என்னவென்று கதையைச் சொல்லுகிற அவனுக்குத் தெரியாது. நமக்கோ அந்தச் சொற்களைப் படித்த கணத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான், நம் உடல் நிமிர்ந்துவிடுகிறது. இந்த மனிதர் எங்கிருந்து வருகிறார், மற்ற ஐந்து நாட்களும் எங்கே போகிறார், இவனுக்கு மட்டும் ஏன் எதுவும் தெரியவில்லை என்று கேள்வி மேல் கேள்வி எழுகிறது. 'பிரனேசி' என்பதும் அந்த மனிதர் இவனுக்கு இட்ட பெயர்தான். அது தன் பெயர் அல்ல என்றே இவன் நினைக்கிறான். கற்பனைச் சிறைச்சாலைகளைச் செதுக்கோவியங்களாக வரைந்த 18-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் ஒருவரின் பெயர் அது என்பதை அறிந்த வாசகருக்கு, அந்தப் பெயரிலேயே ஒரு கொடுமை ஒளிந்திருப்பது தெரியும்.

ஆனால் இந்த நாவலை நான் நேசிப்பது அந்தப் புதிருக்காக மட்டும் அல்ல. குளிர்காலத்தில் மூட்டம் போடுவதற்காக அவன் உலர்த்திச் சேர்த்து வைத்திருக்கும் கடற்பாசியில் ஒரு பகுதியை, கூடு கட்ட வழியின்றி நிற்கும் ஓர் ஆல்பட்ராஸ் பறவை இணைக்கு எடுத்துக் கொடுக்கிறான். கொடுப்பதற்கு முன்னால், இதனால் தான் எத்தனை நாள் குளிரில் கிடக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறான். பிறக்கப் போகும் ஒரு குஞ்சுக்கு முன்னால் சில நாள் குளிர் பெரிதா என்று எண்ணிக்கொள்கிறான். அந்த ஆண்டுக்கே அவன் அந்தப் பறவை வந்த ஆண்டு என்றுதான் பெயர் வைக்கிறான். அவனைவிட நமக்கு அதிகம் தெரியும் என்ற எண்ணத்தோடு படித்து வந்த நான், அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். உலகத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. எப்படி வாழ வேண்டும் என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அடுத்தது திகில். சில்வியா மொரேனோ-கார்சியா 2020-இல் வெளியிட்ட 'மெக்சிகன் காதிக்'. 1950-களின் மெக்சிகோ. நடனமும் விருந்தும் நல்ல ஆடைகளுமாக வாழும் நோயெமி என்ற இளம்பெண்ணின் வீட்டுக்கு, அண்மையில் மணமாகிப் போன அவளுடைய உறவுக்காரப் பெண் கட்டலினாவிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. கணவன் தனக்கு நஞ்சு வைக்கிறான் என்று அவள் எழுதியிருக்கிறாள். போய்ப் பார்த்து வந்தால் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்க விடுகிறேன் என்று தந்தை சொல்ல, நோயெமி மலைமேல் இருக்கும் அந்த வீட்டுக்குப் போகிறாள். வெள்ளிச் சுரங்கம் நடத்த வந்து குடியேறிய ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வீடு அது. சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாது. சுவர்த்தாளில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. தோட்டத்துக்கான மண்ணைக்கூட ஐரோப்பாவிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்பது திகில் கதைகள் படித்துப் பழகிய யாருக்கும் வாசலிலேயே தெரிந்துவிடும். எழுத்தாளரும் அதை மறைக்க முயலவில்லை. பேய் எப்போது வரும் என்று நாம் காத்திருக்கும்போது, குடும்பத்தின் மூத்த கிழவர் முதல் சந்திப்பிலேயே நோயெமியின் நிறத்தையும் இனத்தையும் பற்றி, கால்நடையை மதிப்பிடுவதைப் போல, அமைதியான குரலில் பேசுகிறார். எனக்கு முதுகு சில்லிட்டது அங்கேதான். நாம் பேயை எதிர்பார்த்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பயப்பட வேண்டியது வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பின்பாதியில் வேகம் கூடும்போது சில காட்சிகள் சற்று மிகையாகிவிடுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அந்த முதல் பாதியின் மூச்சுத்திணறலுக்காகவே இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

திகிலில் இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸின் 'தி ஒன்லி குட் இந்தியன்ஸ்', இதுவும் 2020-இல் வந்ததுதான். வேட்டையாடக் கூடாத இடத்தில் எல்க் மான்களைச் சுட்ட நான்கு பிளாக்ஃபீட் என்ற அமெரிக்கப் பழங்குடி இளைஞர்களைப் பத்தாண்டுகள் கழித்து ஒரு பழி தேடி வருகிறது. சில பகுதிகளில் துரத்தி வரும் அந்த உயிரையே எழுத்தாளர் 'நீ' என்று முன்னிலையில் வைத்து எழுதுகிறார். துரத்தப்படுகிறவர்களுக்காகப் பதறிக்கொண்டிருந்த நம்மைத் துரத்தும் உயிரின் உடலுக்குள்ளேயே கொண்டுபோய் அவர் நிறுத்திவிடுகிறார்.

காதல் நாவல்களைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது முன்பே தெரிந்ததுதானே, பிறகு ஏன் படிக்க வேண்டும் என்று. எமிலி ஹென்றியின் 'புக் லவ்வர்ஸ்', 2022-இல் வந்தது, அந்தக் கேள்வியையே கதையாக எடுத்துக்கொள்கிறது. நகரத்தில் வேலையே கதி என்று இருக்கும் காதலியை விட்டுவிட்டு, சிற்றூருக்குப் போன நாயகன் அங்கே ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கும் கதைகள் எத்தனையோ உண்டு. கைவிடப்பட்ட அந்த நகரத்துப் பெண்தான் இங்கே நாயகி. நோரா ஓர் இலக்கிய முகவர். இப்படிப்பட்ட கதைகளில் தன் இடம் எது என்று அவளுக்கே நன்றாகத் தெரியும். தங்கையின் வற்புறுத்தலால் ஒரு சிற்றூருக்குப் போனால், முன்பு அவள் கொண்டுவந்த நாவலை வேண்டாம் என்று தள்ளிய பதிப்பாசிரியர் சார்லி அங்கே இருக்கிறான். இருவரும் சேர்ந்து ஒரு கைப்பிரதியைத் திருத்தத் தொடங்குகிறார்கள். அந்தக் கைப்பிரதியின் இரக்கமற்ற கதாநாயகி தன்னைப் பார்த்து எழுதப்பட்டவளோ என்ற ஐயம் நோராவை அரிக்கத் தொடங்குகிறது. இங்கே முடிவு தெரிந்திருப்பது ஒரு குறையே அல்ல. தன்னைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணுகிற ஒரு பெண், தாயை இழந்த நாள் முதல் தங்கைக்காக எதையெல்லாம் சுமந்து வந்திருக்கிறாள் என்பதை மெதுவாக உணர்வதுதான் கதை. அக்காள் தங்கை உரையாடல்கள் காதல் காட்சிகளைவிட என்னை அதிகம் கலங்கச் செய்தன.

கடைசியாக, ஜானிஸ் ஹாலெட் 2021-இல் எழுதிய முதல் நாவலான 'தி அப்பீல்'. இதில் கதைசொல்லி என்று யாருமே இல்லை. மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும்தான் இருக்கின்றன. ஓர் ஊரின் நாடகக் குழு, அதன் தலைவருடைய இரண்டு வயதுப் பேத்திக்கு அரிய மூளைக்கட்டி, அமெரிக்காவிலிருந்து மருந்து வரவழைக்க 2,50,000 பவுண்டு திரட்டும் முயற்சி, பிறகு ஒரு கொலை. தலைப்பிலுள்ள சொல்லுக்கு நிதி வேண்டுகோள், மேல்முறையீடு என்ற இரண்டு பொருளும் பொருந்தும். இளம் சட்டத்தரணிகள் இருவரிடம் ஆவணக் கட்டு தரப்படுகிறது. அதே கட்டு நம்மிடமும் தரப்படுகிறது. இங்கே யாரையும்விட நமக்கு எதுவும் கூடுதலாகத் தெரியாது. நான் ஒரு தாளில் பெயர்களையெல்லாம் எழுதி, யார் யாருக்கு எழுதுகிறார் என்று கோடு இழுத்துக்கொண்டே படித்தேன்.

அப்படிக் கோடு இழுக்கும்போதுதான் இஸ்ஸி என்ற செவிலியைக் கவனித்தேன். அவள் எல்லோருக்கும் நீளமாக, அன்பாக எழுதுகிறாள்; பதில் ஒரு வரியில் வரும், பெரும்பாலும் வருவதே இல்லை. என் தாளில் அவளிடமிருந்து புறப்பட்ட கோடுகள் பல. அவளை நோக்கி வந்தவை மிகச் சில. நாவலை முடித்த பிறகு அவளுடைய அஞ்சல்களை மட்டும் தேடியெடுத்து மறுபடியும் வரிசையாகப் படித்தேன். முதல்முறை அலுப்பாக இருக்கிறதென்று நான் தாண்டிப் போன வரிகள் அவை. அவளுக்குப் பதில் எழுதாதவர்களைப் போலவே நானும் அவற்றை முழுதாகப் படிக்காமல் விட்டிருந்தேன்.